பேப்பர் மக்கும்தானே, அப்புறம் ஏன் பச்சை வாளியில் போடக் கூடாது?

கேட்டவர் கேட்டது, 11 செப்டம்பர் 2023

காகிதம் மரத்திலிருந்து வருகிறது. மண்ணில் கிடந்தால் மக்கிப்போகிறது. அதனால் பழைய நோட்டுத் தாள், கூரியர் உறை எல்லாவற்றையும் இத்தனை நாளாகப் பச்சை வாளியில் போட்டு வந்தேன். இன்று காலை வண்டியோடு வந்த அம்மா வாளியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். "பேப்பர் நீலத்துக்கு சார்" என்கிறார். மக்கும் குப்பைக்குப் பச்சை என்று சுவரில் எழுதி வைத்ததும் அவர்கள்தான். இன்னொன்றும் கேட்க வேண்டும். நாம் பிரித்துக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? கடைசியில் எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது?

11 செப்டம்பர், இரவு

லாரிக் கதை பெரிது, அப்புறம் வருகிறேன். முதல் கேள்வியில் தப்பு உங்கள் மேல் இல்லை, அந்தச் சொற்கள் மேல். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு. அதே விதிகளில் 'உலர் கழிவு' என்ற சொல்லும் இருந்தது. ஆனால் நம் தெருச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தது மக்கும், மக்காத என்ற ஜோடிதான். எதுகை நன்றாக அமைந்ததால் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

பேப்பர் மக்கும். பருத்தி வேட்டி மக்கும். கயிற்றுக் கட்டிலின் கயிறு மக்கும். மூன்றுமே காய்ந்து சுத்தமாக இருந்தால் நீல வாளிக்குத்தான். எங்கள் வீட்டில் இந்த வார்த்தைகளையே விட்டுவிட்டோம். ஈரம், உலர் என்கிறோம். சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி: இதை எடுத்தால் கை நனையுமா? நனைந்தால் பச்சை. அவ்வளவுதான்.

12 செப்டம்பர்

அவ்வளவுதான் இல்லை. காலையில் வெங்காயம் உரிக்கும்போதே தெரிந்துவிட்டது. வெங்காயத் தோல் நேற்றுச் சுட்ட அப்பளம் போலக் காய்ந்திருக்கிறது, ஆனால் அது பச்சைக்கு. பூண்டுத் தோல், வாசலில் கூட்டிய சருகு, சாமி படத்திலிருந்து கழற்றிய காய்ந்த மாலை, எல்லாம் அப்படித்தான். எதிர்ப்பக்கம் பாதி தண்ணீரோடு ஒரு பாட்டில். கை நனையும், ஆனால் பச்சைக்குப் போகாது.

ஆக என் சோதனை ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன்: இது எடைக்குப் போகுமா, மண்ணுக்குப் போகுமா? பேப்பரை மண்ணில் போட்டாலும் மக்கும்தான். ஆனால் ஆலைக்குப் போனால் திரும்பவும் காகிதமாக வரும். நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போவதால் ஐந்து முதல் ஏழு முறை வரைதான் அந்த ஆட்டம். அத்தனை முறை பிறக்க வாய்ப்புள்ளதை முதல் பிறவியிலேயே ரசத்து வண்டலோடு சேர்த்து ஏன் புதைக்க வேண்டும்?

பஜ்ஜி மடித்த பேப்பர் மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் குடித்த தாளைக் கூழாக்கினால் எண்ணெய் தனியே மிதந்து கூழையே கெடுக்கும். அதைக் கிழித்துப் பச்சையில் போடுங்கள். பீட்சா பெட்டியின் மூடி சுத்தமாக இருந்தால் மூடி நீலத்துக்கு, அடிப்பாகம் பச்சைக்கு.

12 செப்டம்பர், மாலை

கடை பில் பேப்பர் இல்லை. சூடு பட்டால் எழுத்து தோன்றும்படி ரசாயனம் பூசிய தாள் அது. நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். பழைய பேப்பர் கட்டில் அதைச் சேர்க்காதீர்கள், உரப் பானையிலும் போடாதீர்கள்.

14 செப்டம்பர்

'மக்கும்' தவறு, 'மட்கும்' என்பதே சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை ஆறரை மணிக்கு மாடிப்படியில் நின்று "மட்கும் குப்பை" என்று கத்திப் பாருங்கள், தெரியும். தவிர மக்கும் குப்பை எது என்று தெரியாதவரை 'மக்கு' என்று திட்ட முடிவது இந்த எழுத்துக்கூட்டலில் மட்டும்தான்.

17 செப்டம்பர்

சரி, லாரி.

தென் சென்னையில் 24 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. சங்கச் செயலாளர் பதவி என் தலையில் வந்து விழுந்த கதை வேறு. செயலாளர் ஆனதும் முதலில் வந்த புகார் இதுதான்: எல்லாவற்றையும் கலந்துதானே கொட்டுகிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும்? எனக்கும் அதே எண்ணம் இருந்தது. சரி, பார்த்தே விடுவோம் என்று நான்கு நாள் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். காலை நடை என்று வீட்டில் பொய்.

பேட்டரி வண்டியில் பச்சை டப்பாவும் நீல டப்பாவும் தனித்தனியே இருக்கின்றன. தெருமுனையில் அவை பெரிய வண்டிக்கு மாறுகின்றன. மூன்று நாள் பச்சை ஒரு லாரிக்கும் நீலம் இன்னொரு லாரிக்கும் போனது. நான்காம் நாள் ஒரு லாரி வரவில்லை, பழுது என்றார்கள். அன்று எல்லாம் ஒன்றாகத்தான் போனது. கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன், நீங்கள் சொல்வது பொய் இல்லை.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றையும் பார்த்தேன். லாரி வருவதற்கு முன்பே பேட்டரி வண்டியில் வரும் அக்கா நீல டப்பாவைக் கிளறி, பாட்டில் ஒரு சாக்கில், அட்டை ஒரு கட்டில் என்று எடுத்து வைத்துவிடுகிறார். பால் கவருக்குத் தனிப் பை. மதியம் வீட்டுக்குப் போகிற வழியில் அதை எடைக்குப் போடுகிறார். அன்றன்றைய டீக்கும் பஸ்ஸுக்கும் ஆகிவிடும் என்றார். லாரி கலந்தாலும் கலக்காவிட்டாலும் அவர் கையில் அன்றே ஒரு பகுதி பிரிந்துவிடுகிறது. நாம் சாம்பார் ஊற்றிக் கொடுத்தால் அவர் எடுக்க மாட்டார். எடுத்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். மறுசுழற்சி என்றதும் ஏதோ பெரிய தொழிற்சாலையை நினைத்துக்கொண்டிருந்தேன், அது தொடங்குவது எங்கள் மாடிப்படிக்குக் கீழே.

18 செப்டம்பர்

ஒரு வீடு கலந்து கொடுத்தால் மற்ற வீட்டுக் குப்பை என்ன ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அக்காவிடமே கேட்டேன். எங்கள் 24 வீட்டில் 15 வீடு ஒழுங்காகத் தருகிறதாம். "மீதி ஒன்பது வீட்டுல ஒரு வீடு மீன் தண்ணியோட குடுத்தா அன்னிக்கு பேப்பர் பூரா போச்சு மேடம்."

எந்த வீடு என்று சொல்ல மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசனையை வைத்து நானே ஊகித்துக்கொண்டேன், எங்கள் வீடும் பட்டியலில் இருக்கிறது.

21 செப்டம்பர்

பால் கவர். இது தனிச் சாஸ்திரம்.

முனையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். துண்டு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை எந்தக் கையும் பொறுக்காது. அது நேராகச் சாக்கடைக்குப் போய் அங்கிருந்து கடலுக்குப் போகும். கவரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் கவிழ்த்து மாட்டினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அலசிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு.

என் மாமியார் இதை யாரும் சொல்லித் தராமல் முப்பது வருடமாகச் செய்கிறார். பால் கவர் நல்ல பிளாஸ்டிக், ஒரே வகைப் படலம், அதனால்தான் விலை கிடைக்கிறது. அவருக்கு அந்த விவரம் தெரியாது. எடைக்கு வாங்கும் கடை அண்ணாச்சி காசு கொடுக்கிறார் என்பது தெரியும். போதாதா?

2 அக்டோபர்

பாட்டில் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, அதுதானே மறுசுழற்சி முத்திரை என்கிறார் ஒருவர். இல்லை. அது பிளாஸ்டிக்கின் ஜாதிப் பெயர் மட்டும். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. அம்புகள் சுற்றி ஓடுவதைப் பார்த்து உலகமே ஏமாந்தது. 2013-இல் அங்கேயே அம்பை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். பழைய அச்சுகள் மட்டும் இன்னும் அம்போடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில். 2 கெட்டியான பாலித்தீன், ஷாம்பு டப்பா, பினாயில் டப்பா. 4 மெல்லிய படலம், பால் கவர் இந்த வீடு. 5 பாலிப்ரொப்பிலீன், ஓட்டல் பார்சல் டப்பா. இவை நான்கும் எடைக்குப் போகும். 3 பி.வி.சி., 6 பாலிஸ்டைரீன். தெர்மோகோல் என்பது இந்த ஆறுதான், காற்றடைத்த வடிவில். ஒரு டி.வி. பெட்டித் தெர்மோகோலை எடைக்கு எடுத்துப் போனேன். அண்ணாச்சி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தராசைப் பார்த்தார். முள் அசையவே இல்லை. 7 என்றால் மற்றவை. 'இதர செலவுகள்' மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எண் தேய்ந்து போயிருந்தால் வாளித் தண்ணீர் போதும். தண்ணீர் பாட்டிலைத் துண்டாக வெட்டிப் போடுங்கள், மூழ்கும். அதன் மூடியைப் போடுங்கள், மிதக்கும். பாட்டில் பெட், மூடி வேறு ஜாதி. மறுசுழற்சி ஆலைகளிலும் இப்படித்தான் தொட்டித் தண்ணீரில் பிரிக்கிறார்கள். 2, 4, 5 மூன்றும் மிதக்கும். 1, 3, 6 மூழ்கும், காற்றடைத்த தெர்மோகோலைத் தவிர. என் பையன் வீட்டில் கண்டதையெல்லாம் வெட்டிப் போட்டுப் பார்த்ததில் என் சீப்பு போனது.

3 அக்டோபர்

கொளுத்தி மோந்து பார்த்தால் போதாதா என்று கேட்டவருக்கு: வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் வருவது அமிலப் புகை.

9 அக்டோபர்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன வாரம் ஒரு கண்ணாடி டம்ளர் கைதவறி உடைந்தது. சில்லுகளைக் கேரி பேக்கில் போட்டு, முடிச்சுப் போட்டு, நீல வாளியில் வைத்தேன். பொறுப்பாகச் செய்ததாகத்தான் நினைப்பு. மறுநாள் அந்த அக்காவின் சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. "கண்ணாடி மேடம்" என்றார். எந்த வீட்டுக் கண்ணாடி என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அதிலிருந்து கண்ணாடியென்றால் நாலைந்து தாள் பேப்பரில் சுருட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே பெரிதாகக் 'கண்ணாடி' என்று எழுதித் தருகிறேன். முதல் தடவை கொடுத்தபோது அவர் சொன்னார்: "எழுதுறது எதுக்கு மேடம், கையில குடுத்து வாயால சொல்லுங்க. ஆறு மணி இருட்டுல எதைப் படிக்கிறது?"

ஆக, செப்டம்பர் 12-ஆம் தேதி எழுதிய சோதனையும் போதாது. எடைக்கா மண்ணுக்கா என்பது பொருளைப் பற்றிய கேள்வி. அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இதை அடுத்து யார் கை தொடும்? தெரியாத கை என்றால் நமக்கு அலட்சியம் வந்துவிடுகிறது. நான் அந்த விரலைப் பார்த்துவிட்டேன், அதுதான் வித்தியாசம்.

நாப்கின், குழந்தையின் டயப்பர் இரண்டுக்கும் இதே முறைதான். நன்றாகச் சுற்றி உலர் குப்பை வாளியில் வைக்கச் சொல்லியிருந்தன 2016 விதிகள். வாளியில் மற்றவற்றோடு கலக்காமல் தனிப் பொட்டலமாகக் கையில் கொடுப்பது நல்லது. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச், இதற்காகவே ஒரு வழி சொன்னது. பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய பொட்டு. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, பொட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும். எழுத்து எதற்கு என்று அக்கா சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே.

10 அக்டோபர்

டியூப் லைட், பழைய சி.எஃப்.எல். பல்பு இரண்டையும் கண்ணாடிக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். ரிமோட் பேட்டரி, செல்போன் பேட்டரி, காலாவதியான மாத்திரை, நெயில் பாலிஷ் பாட்டில் எல்லாம் அந்த மூன்றாவது பங்கு, அபாயக் கழிவு. நான் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைக்கிறேன், வருடத்துக்கு ஒரு டின்கூட நிறைவதில்லை. செல்போன் பேட்டரியை மட்டும் வாளியில் போட்டுவிடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு எரிந்தபோது எங்கள் வீட்டில் ஜன்னல் திறக்க முடியவில்லை. துணி உலர்த்த முடியவில்லை. மாமியாருக்கு இருமல் நிற்க ஒரு வாரம் ஆனது. அதுவரை பெருங்குடி எனக்கு ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான்.

24 அக்டோபர்

ஆயுத பூஜை முடிந்தது. தெரு முழுக்கப் பூசணிக்காய். அதற்குள் குங்குமம், சில்லறைக் காசு. பைக்காரர்கள் வழுக்கி விழாமல் இருக்க எங்கள் வாட்ச்மேன் எல்லாவற்றையும் ஓரம் கட்டினார். பூசணி பச்சைக்கு, வாழைக்கன்று பச்சைக்கு. வாழைக்கன்றை முழுதாகத் திணிக்காமல் வெட்டிப் போடுங்கள். ஜிகினாத் தோரணத்தை மாலையிலிருந்து கழற்றுங்கள். பொரிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் நீலத்துக்கு. காசை வாட்ச்மேனே வைத்துக்கொண்டார், சரிதான்.

13 நவம்பர்

தீபாவளி மறுநாள். பட்டாசுக் குப்பையைப் பேப்பர் என்று நினைத்து நீலத்தில் போட்டுவிடாதீர்கள். அட்டைப் பெட்டி வேறு, வெடித்த பட்டாசின் தாள் வேறு. அந்தத் தாளில் பேரியம் போன்ற உப்புகள் ஒட்டியிருக்கும். சென்னையில் தீபாவளிக் குப்பையைத் தனியாக வாங்கிக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறார்கள். கூட்டிச் சாக்கில் கட்டி வைத்தால் போதும். வெடிக்காததை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் கட்டுங்கள்.

20 நவம்பர்

உரப் பானை எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தோற்ற கதையைத்தான் சொல்ல முடியும்.

ஓட்டை போட்ட மூன்று மண்பானைகளை மாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். பச்சை வாளியில் சேர்ந்ததை மேல் பானையில் கொட்டி மூடினேன். பத்தாம் நாள் பக்கத்து வீட்டு மாமி மாடிக்கு வடாம் காயப்போட வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திறந்தால் கறுப்புச் சேறு, அதில் நெளிகிற புழு. நான் போட்ட சத்தத்தில் மாமியார் மேலே வந்துவிட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா? குப்பைக்குழியிலே புழு இல்லாம பூவா இருக்கும்?" என்றார்.

நான் செய்த தப்பு ஈரத்தை மட்டுமே போட்டது. சமையலறைக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். அதை ஈடுகட்டக் கார்பன் கொடுக்கிற காய்ந்த பொருள் வேண்டும். சருகு, தென்னை நார்த் தூள், கிழித்த அட்டை எதுவானாலும் சரி. ஒரு கிண்ணம் ஈரத்துக்கு ஒரு கிண்ணம் காய்ந்தது என்று மாற்றியதும் நாற்றம் ஒரு வாரத்தில் அடங்கியது. அவ்வப்போது கிளறிவிட்டுப் புளித்த மோர் தெளித்தேன். மோர் இல்லாமலும் மக்கும், ஆனால் மாமியார் விடவில்லை. தட்டையாகப் பழுப்பாக இருந்த அந்தப் புழு, படைவீரர் ஈ என்று சொல்லப்படும் கறுப்பு ஈயின் புழு. வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காராது. குப்பையைத் தின்று தீர்ப்பதில் அதற்கு நிகர் இல்லை. இப்போது நாங்கள் விரட்டுவதில்லை. பார்க்காமல் மூடிவிடுகிறோம்.

மாமியார் ஊர் மன்னார்குடிப் பக்கம். அவருக்குக் 'குப்பை' என்றால் இன்றும் எருதான். "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்களாம். சாணம், சாம்பல், வைக்கோல், கூட்டியள்ளியது எல்லாம் ஒரே குழியில் கிடக்கும். கோடையில் வண்டி வைத்து வயலுக்கு ஏற்றுவார்கள். அங்கே யாரும் எதையும் பிரித்ததில்லை, பிரிக்க எதுவும் இருந்ததில்லை. அவருடைய அண்ணன் பெயர் குப்புசாமி. முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் மூன்றாவதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து அந்தப் பெயர் வைத்தார்கள். அந்தக் குப்பைமேட்டில் குழந்தையைக் கிடத்தலாம். இப்போதைய மேட்டில்?

வழி தவறிவிட்டேன். பானைக்குத் திரும்பினால்: கொட்டாங்கச்சி, இளநீர் மட்டை, மாங்கொட்டை மூன்றையும் பானையில் போடாதீர்கள். மக்கும், ஆனால் உங்கள் பேரன் காலத்தில்.

11 டிசம்பர்

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். புயலும் மழையும் 3, 4 தேதிகளில். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்ததும் தெருவின் இரு பக்கமும் மெத்தை, சோபா, பீரோ, பிரிட்ஜ், பள்ளிக்கூடப் புத்தகம். வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். எங்கள் குப்பை வண்டி அக்கா வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். ஆறாம் நாள் அதே சீருடையில் வந்து நம் வீட்டுச் சோபாவை இழுத்துக்கொண்டிருந்தார்.

பிரிப்பதா? பச்சையாவது நீலமாவது. வாளிகளே மிதந்து போய்விட்டன.

நல்ல விலை வரட்டும் என்று கீழ்த்தள அறையில் ஆறு மாதப் பேப்பரைக் கட்டிக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். மொத்தமும் களி. அண்ணாச்சியைக் கூப்பிட்டால், "தங்கச்சி, இதை எடைக்குப் போட்டா தண்ணிக்குத்தான் காசு குடுக்கணும்" என்றார். செப்டம்பரில் நான் தூக்கி எறிந்த சோதனை நினைவுக்கு வந்தது. கை நனைந்தது.

14 ஜனவரி 2024

போகி. எங்கள் தெருவில் இந்த வருடம் டயர் எரியவில்லை. எரிக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்று முன்கூட்டியே வண்டி வந்து பழைய துணி, பாய், டயர் எல்லாம் வாங்கிக்கொண்டு போனது. ஒரு முறை, 2018 போகி என்று நினைவு, புகையில் ஓடுபாதை தெரியாமல் சென்னையில் விமானங்களே தடுமாறின. ஆனால் இந்த முறை தெரு அடங்கியதற்கு வேறு காரணம் இருக்கிறது. எரிக்க யார் வீட்டில் பழையது மிச்சம் இருந்தது? வெள்ளம் டிசம்பரிலேயே போகி கொண்டாடிவிட்டது.

பழைய துணியைப் பற்றி: கிழியாததைத் துவைத்துக் கொடுங்கள். கிழிந்ததை மெக்கானிக் கடையில் கேட்டு வாங்குவார்கள். பாலியெஸ்டர் புடவை மண்ணில் மக்காது, அதைத் தென்னை மரத்தடியில் புதைத்து வைத்திருக்கும் அந்த நண்பர் தோண்டி எடுக்கவும்.

28 ஜனவரி

நீலகிரியில் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற திட்டம் 2022-இலிருந்து நடக்கிறது. உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. காட்டில் உடைந்த பாட்டில் யானை போன்ற விலங்குகளின் காலில் குத்துகிறது என்பதுதான் பிரச்சினை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டிலை எதில் போடுவது என்று இங்கே நான்கு நாளாகச் சண்டை. கோலி சோடா பாட்டிலை எதில் போடுவது என்று நம் சின்ன வயதில் யாராவது கேட்டார்களா? கடைக்காரர் நாம் குடித்து முடிக்கும் வரை கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே.

நீலத்துக்குத்தான். உடையாத பாட்டில், மூடியைக் கழற்றி. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கிற கண்ணாடிப் பாத்திரம் மூன்றையும் பாட்டிலோடு சேர்க்காதீர்கள். உருகும் சூடு வேறு வேறு.

11 பிப்ரவரி

சிப்ஸ் கவர் எதற்கும் உதவாது என்று எங்கோ மேலே எழுதினேன் என்று நினைத்துத் திருத்த வந்தேன். தேடினால் எழுதவே இல்லை, வீட்டில் சொன்னதுதான். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே எல்லாம் பல அடுக்குப் படலம். பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் வேறொரு பிளாஸ்டிக். கசக்கிவிட்டுக் கையை எடுத்தால் மெல்ல விரிந்து எழுந்துகொள்ளும். சாதா அலுமினியத் தாள் கசங்கியபடியே கிடக்கும். அடுக்குகளைப் பிரிப்பது கட்டுப்படியாகாது, அதனால் எடைக்குப் போகாது. அட்டைப் பெட்டி ஜூஸும் அந்த இனம்தான். முக்கால் பங்கு அட்டை, மீதி பிளாஸ்டிக்கும் அலுமினியமும். நம் தெருக்கடையில் வாங்க மாட்டார்கள். அதற்கென்றே உள்ள ஆலைக்குப் போனால்தான் அட்டை பிரியும்.

ஆனாலும் உலர்ந்ததாக நீலத்தில் போடுங்கள். பச்சையில் போனால் உரத்துக்குள் மினுமினுப்பாகக் கிடக்கும். நீலத்தில் போனால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகவாவது போக வழி இருக்கிறது. அங்கே சூடு 1400 டிகிரிக்கு மேல். மறுசுழற்சி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிப்பதுதானே? சும்மா தெருமுனையில் எரிவதற்கு அது எவ்வளவோ மேல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இன்னொரு வழி கண்டார். பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லி மேல் தூவினால் உருகிப் படியும், அதன் மேல் தார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பி.வி.சி. மட்டும் அந்த ரோட்டுக்கும் ஆகாது.

12 பிப்ரவரி

கேட்டவர் ஐந்து மாதம் கழித்து வந்து, "அப்போ பேப்பர் நீலத்துக்கா?" என்கிறார். ஆமாம் சார். நீலத்துக்கு.

25 பிப்ரவரி

குடை எதில் என்று கிண்டலுக்குக் கேட்டிருக்கிறார் இன்னொருவர். எங்கள் வீட்டில் புயலில் மடங்கிய குடை ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஒரு நிமிடத்தில் கம்பியைத் தனியாகப் பிடுங்கி இரும்போடு எறிந்தார், கைப்பிடியைப் பிளாஸ்டிக்கோடு போட்டார், துணியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். காசு எதுவும் தரவில்லை. "அடுத்த தடவை பால் கவரோட சேத்து எடுத்துட்டு வா தங்கச்சி."

துணியை மாமியார் வாங்கி, இரண்டு பக்கம் மடித்துத் தைத்து, கொடியில் தொங்கவிட்டிருக்கிறார். காய்ந்த பால் கவர் இனி அதில்தான் சேருமாம்.